தொப்பி அவனுடையதுதான்

1

எங்கள் ஊர்ப்பக்கம், ஹட்டனில், நான் ஜட்ஜ் ஆகிவிட்டேனாம். தங்கை போனில் சொல்லிச் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவளை நிறுத்திக் கேட்டிருக்கிறார்: "ஒங்க அக்கா அமெரிக்காவுல கோர்ட்டுல தீர்ப்பு சொல்றாங்களாமே, நெசமா?" இவளும் இல்லை என்று சொல்லவில்லையாம். சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று விட்டுவிட்டாளாம்.

அதனால் நானே எழுதிவிடுகிறேன். நான் ஜட்ஜ் இல்லை. காலையில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். மதியம் வீட்டுக்கு வந்ததும் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த நாட்டில் குற்றவழக்கு நடந்தால் சாதாரணக் குடிமக்களில் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு பக்கமாக உட்கார வைப்பார்கள். சாட்சி எல்லாவற்றையும் கேட்டபிறகு குற்றவாளியா இல்லையா என்று அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஜூரர் என்று பெயர். நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்து ஆள் யாரையும் அதில் உட்கார வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வழக்கு முடிந்த பிறகு ஜட்ஜ் அம்மா எங்களிடம், "இனி இதைப் பற்றி நீங்கள் பேசலாம், பேசாமலும் இருக்கலாம், அது உங்கள் விருப்பம்" என்றார். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரிடமும் இதுவரை பேசாமல்தான் இருந்தேன்.

2

என் கணவருக்கு விசா லாட்டரி விழுந்து நாங்கள் இங்கே வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மகள் பிரியாவுக்கு அப்போது சரியாக நடக்கக்கூட வராது. குடியுரிமை கிடைத்த மறு வருடமே கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"இங்கிலீசு தெரியாதுன்னு எழுதிப் போட்டுரு, விட்டுருவாங்க" என்றார் அவர். இங்கே நம் ஆட்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

ஆனால் நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் இங்கிலீசும் சொல்லிக் கொடுத்தவள். தெரியாது என்று எழுதக் கை வரவில்லை. தெரியும் என்பதும் முழு உண்மையில்லை. ஆள் பொறுக்கும் அன்று வக்கீல் என்னிடம், "நீங்கள் ஃபேராக இருப்பீர்களா?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல் வீரகேசரிப் பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரத்தில்தான் பழக்கம். ஒரு கணம் என் கையின் நிறத்தைப் பார்த்துவிட்டேன். பிறகுதான் பாரபட்சம் இல்லாமல் இருப்பேனா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. இருப்பேன் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கு இதுதான். எங்கள் நகரத்தின் ஓரத்தில் ஒரு குஜராத்திக்காரரின் மளிகைக் கடை. பொழுது சாயும் நேரத்தில் ஒருவன் உள்ளே வந்திருக்கிறான். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட கம்பளித் தொப்பியை முகம் மறைய இழுத்து விட்டிருக்கிறான். கடைக்காரரை இரும்புக் கம்பியால் தலையில் அடித்து, கல்லாவில் இருந்ததை அள்ளிக்கொண்டு பின்பக்கமாக ஓடிவிட்டான். கடைக்காரர் பிழைத்தார். ஆனால் வலது கை விழுந்துவிட்டது. தொப்பி பின்வேலியோரம் கிடந்தது.

தொப்பியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த எச்சிலையும் வியர்வையையும் ஆய்வுக்கூடத்தில் பார்த்து, அதில் உள்ள டி.என்.ஏ. இன்னாருடையது என்று சொல்லிவிட்டார்கள். அந்த இன்னார் ட்ராவிஸ் என்ற வெள்ளைக்காரப் பையன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர்களிடம் எடுபிடி வேலை. யாரோ வாங்கிக் கொடுத்த கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருப்பான். காது இரண்டும் எப்போதும் சிவந்திருக்கும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இளம்பெண் சாட்சிக்கு வந்தாள். பொறுமையாக, படம் காட்டி விளக்கினாள். இதே பொருத்தம் தற்செயலாக வேறொருவருக்கு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று அரசு வக்கீல் கேட்டதும் இத்தனை பேரில் ஒருவருக்குத்தான் என்று அவள் ஓர் எண்ணைச் சொன்னாள். வக்கீல் அதைத் திரையில் போட்டார். ஒன்றுக்குப் பின்னால் வரிசையாகச் சுழியங்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், "ஆண்டவனே" என்று மூச்சுக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் அந்த ஆய்வுக்கூடப் பெண் வெகுநேரம் பேசினாள். பையனின் வக்கீல் எழுந்து ஏதேதோ கேட்டார். நாங்கள் எல்லோரும் அந்தச் சுழியங்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் எதுவும் பேசக்கூடாது என்பது உத்தரவு. டி.என்.ஏ. உண்டா என்று மட்டும் பிரியா கேட்டாள். அவளுக்கு டி.வி.யில் வரும் துப்பறியும் தொடர் ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். 

"தென், கேஸ் க்ளோஸ்ட், அம்மா. இட்ஸ் சயன்ஸ்" என்று அவளே சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். நான் தமிழில் கேட்டால் அவள் பெரும்பாலும் இங்கிலீசில்தான் பதில் சொல்வாள். அன்று அம்மா என்ற ஒரு சொல்லையாவது தமிழில் விட்டு வைத்தாளே என்று இருந்தது.

3

செல்வராசு மாமாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேலே எழுத முடியாது.

அவர் அம்மாவின் தம்பி. நாங்கள் இருந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். ஒரே லயத்தில், அதாவது ஒரே வரிசைவீட்டில், எங்களுக்கு முதல் காம்பரா, முதல் அறை, மாமாவுக்கு மூன்றாவது. ஸ்டோரில் வேலை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோரு என்றுதான் சொல்வோம். மழைக்காலத்தில் லயத்தில் எதுவும் காயாது. அதனால் ஸ்டோரில் வேலை செய்பவர்கள் போர்த்திக்கொள்ளும் கம்பளியை அங்கேயே சூடான இடம் பார்த்துக் காயப்போட்டுவிட்டு வருவார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஹட்டனில் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு, ஏ.எல்., படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடிந்து பார்த்தால் ஸ்டோரின் பின்கதவு உடைந்து கிடக்கிறது. பெட்டி பெட்டியாகத் தேயிலையைக் காணவில்லை. காவல்காரர் முத்தையா மண்டை உடைந்து கிடக்கிறார். அவரை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடைந்த கதவுக்கு வெளியே ஒரு கம்பளி கிடந்தது.

நுவரெலியாவிலிருந்து பொலிஸ் நாய் வந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தோட்டமே கூடி நின்றது. நாய் கம்பளியை மோந்தது. தேயிலைக்குள் இறங்கியது, ஓடையைத் தாண்டியது, எங்கள் லயத்துக்கு ஏறி வந்தது. முதல் காம்பராவைக் கடந்தபோது அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். இரண்டாவதையும் கடந்தது. மூன்றாவது காம்பராவின் வாசலில் போய் உட்கார்ந்தது.

மாமா உள்ளேயிருந்து வந்தார். ஒளிக்கவில்லை.

"கம்பளி என்னோடதுதான், ஐயா. முந்தாநாளு ஸ்டோருல காயப் போட்டேன். எடுக்க மறந்துட்டேன்."

பொலிஸ்காரர் சிரித்தார். "பல்லா பொரு கியன்னே நே" என்றார் சிங்களத்தில். நாய் பொய் சொல்லாது.

நாய் பொய் சொல்லவில்லைதான். மாமாவும் சொல்லவில்லை. கம்பளியில் இருந்தது மாமாவின் வாசனைதான். ஆனால் அது அங்கே எப்போது வந்தது, யார் கையில் வந்தது என்று நாயிடம் கேட்க முடியாது. மாமாவிடம் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. தோட்டத்து இளைஞன் ஒருவனைச் சும்மா பிடித்துக்கொண்டு போனாலே ஏன் என்று கேட்க ஆளில்லாத காலம் அது.

விசாரணைக் கைதியாக விளக்கமறியலில் வைத்து வைத்து, வருடம் தாண்டிய பிறகு, போதிய சாட்சி இல்லை என்று கோர்ட் விட்டுவிட்டது. தோட்டம் விடவில்லை. பதிவேட்டில் பெயர் வெட்டியாகிவிட்டது, வேலை கிடையாது என்றார்கள். அதைவிட மோசமாக இருந்தது லயத்து ஜனங்கள் சொன்னது. மாமா திரும்பி வந்த அன்று குழாயடியில் ஒரு பெண் என் காதுபடவே சொன்னாள்: "கோர்ட்டு விட்டுருச்சு, சரி. நாயி சும்மா வந்து உக்காருமா?"

முத்தையா பிழைத்தார். ஆனால் அன்று நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. யார் அடித்தார்கள் என்பது கடைசிவரை தெரியவேயில்லை. மாமா பொண்டாட்டி பிள்ளையோடு கொத்மலைப் பக்கம் போய், ஒரு சிங்களக் குடும்பத்தின் மரக்கறித் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்னமும் அங்கேதான் இருக்கிறார்.

4

பன்னிரண்டு பேரையும் ஓர் அறையில் விட்டு வெளியே ஆள் நிறுத்திவிட்டார்கள். காகிதக் கோப்பையில் காப்பி. ஜன்னலுக்கு வெளியே அழுக்குப் பனி. லிண்டா என்ற பெண்மணியைத் தலைவியாக வைத்துக்கொண்டோம். ஏதோ கம்பெனியில் பொறுப்பான வேலையில் இருப்பவர், நல்லவர். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தோம். எனக்கும் அந்த நினைப்புத்தான். துணி வெளுக்குமிடத்தில் என் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தவள் தினமும் போன் செய்து எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை கை தூக்கியபோது பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள். நானும், வால்டர் என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் மட்டும் தூக்கவில்லை.

"என்ன சந்தேகம்?" என்று லிண்டா கேட்டார். "அந்த எண்ணைப் பார்த்தீர்கள்தானே? உலகத்து ஜனத்தொகையைவிடப் பெரிய எண். அது அவன்தான்."

"தொப்பி அவனுடையதுதான்" என்றேன். "அடித்தது அவனா?"

"இரண்டும் ஒன்றுதானே?"

ட்ராவிஸ் சாட்சிக் கூண்டில் என்ன சொன்னான் என்றால், குளிர்காலத்தில் வேலை செய்யும்போது அந்தத் தொப்பியைத்தான் போட்டிருப்பானாம். வேலை முடிந்ததும் பெயிண்ட் வண்டியிலேயே போட்டுவிட்டுப் போவானாம். அந்த வண்டியில் நாலைந்து பேர் ஏறி இறங்குவார்களாம். இதை நம்புவது சுலபமில்லை. ஏனென்றால் பொலிஸ் முதலில் கேட்டபோது, அப்படியொரு தொப்பி என்னிடம் இல்லவே இல்லை என்று சொன்னவன் அவன். பயத்தில் சொல்லிவிட்டேன் என்றான். மாமா உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டார். இவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் மாமாவின் கதையைச் சொல்ல முயன்றேன். கம்பளியை இங்கிலீசில் சொல்லத் தடுமாறினேன். நாய் வாசலில் உட்கார்ந்தது என்று சொன்னதும் ஓர் இளைஞன் சிரித்துவிட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை, சோர்வில். லிண்டா சிரிக்கவில்லை. ஆனால் மேசையில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"உங்கள் மாமாவுக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் இங்கே வழக்கு அவர் மேல் இல்லை. அது நாய். இது விஞ்ஞானம்."

அவர் சொன்னது சரிதான் என்று எனக்கும் பட்டது. அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் நான் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேனோ? அப்படியென்றால் நான் பாரபட்சம் இல்லாதவளா? அதன் பிறகு அன்று முழுக்க நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் வால்டர்தான் பேச்சைத் தொடங்கினார். "எனக்குக் காது மந்தம். அந்த ஆய்வுக்கூடப் பெண் அந்த எண்ணுக்குப் பிறகு சொன்னது ஒன்றும் எனக்குச் சரியாக விளங்கவில்லை. உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?"

 ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஜட்ஜிடம் கேட்டால் சாட்சியைத் திரும்ப வாசித்துக் காட்டுவார்களாம். கேட்டோம். கோர்ட்டில் மறுபடி உட்கார வைத்து, சுருக்கெழுத்துக்காரர் ஏற்ற இறக்கம் இல்லாத குரலில் வாசித்தார். சுழியங்கள் இல்லை, திரை இல்லை, சொற்கள் மட்டும்.

இந்த டி.என்.ஏ. தொப்பிக்கு எப்போது வந்தது என்று சொல்ல முடியுமா? முடியாது. பல வாரத்துக்கு முன்பே வந்திருக்கலாமா? வந்திருக்கலாம். அவருடையது மட்டும்தான் இருந்ததா? இல்லை, இன்னும் ஒருவருடையது இருந்தது. அது யாருடையது? யாருடையது என்று சொல்லும் அளவுக்குப் போதவில்லை. தொப்பியைக் கடைசியாக அணிந்தவர் யார் என்று உங்கள் பரிசோதனை சொல்லுமா? சொல்லாது.

எல்லாவற்றையும் அவள் அன்றே சொல்லியிருக்கிறாள். நாங்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில்தான் இருந்தோம். எனக்கும் அந்தப் பதில்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. நான் கை தூக்காமல் இருந்தது மாமாவால்தானே தவிர, சாட்சியை ஒழுங்காகக் கேட்டதால் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் லிண்டாதான் முதலில் பேசினார். "அந்த எண் இந்தத் தொப்பி யாருடையது என்ற கேள்விக்குப் பதில்" என்றார். "நாம் அதை எல்லாக் கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டோம்."

ஆனாலும் உடனே முடியவில்லை. அவன் பொய் சொன்னானே என்று மூன்று பேர் விடவில்லை. அடித்தவனின் உயரமும் இவனுக்குப் பொருந்துகிறது என்றார்கள். அவன் செய்திருக்கவும் கூடும் என்று எனக்கும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. செய்திருக்கக் கூடும் என்பதை வைத்து ஒருவனை உள்ளே தள்ளலாமா என்பதுதான் கேள்வி. மாலைக்குள் பன்னிரண்டு பேரும் ஒன்றானோம்.

குற்றவாளி இல்லை என்று லிண்டா வாசித்தபோது ட்ராவிஸ் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டான். நான் அவனைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் முன்வரிசையில் சேலை கட்டிக் கம்பளிக் கோட்டுப் போட்ட ஓர் அம்மா இருந்தார். கடைக்காரரின் மனைவி. வழக்கு நடந்த அத்தனை நாளும் பன்னிரண்டு முகத்தில் என் முகத்தைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். அப்போதும் என்னைத்தான் பார்த்தார்.

5

"ஸோ, அவன விட்டுட்டீங்களா?" என்றாள் பிரியா.

"நிரூபிக்கல" என்றேன்.

"பட் டி.என்.ஏ. இருந்துச்சே?"

உட்கார வைத்து மாமாவின் கதையைச் சொன்னேன். அவளுக்கு மாமா என்றால், அம்மா ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டும்போது ஹலோ சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஒரு குரல். அவ்வளவுதான். முழுவதையும் கேட்டாள். கடைசியில் இங்கிலீசில், "இதை ஏன் என்னிடம் சொல்லவேயில்லை?" என்றாள். நீ கேட்கவில்லையே என்று சொல்ல வந்தேன். எழுந்து சோற்றை அடுப்பில் வைத்தேன்.

அந்த ஞாயிறு மாமாவைக் கூப்பிட்டேன். கொத்மலையில் மழை, விட்டு விட்டுத்தான் குரல் கேட்டது. முழுக் கதையையும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு யாரும் செய்யாததை நான் யாருக்கோ செய்திருக்கிறேன் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

 மாமா கேட்டார்:

"ஏம் பாப்பா, அந்தக் கடக்காரரு இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியல மாமா."

"போயி பாக்கலியா?"

"நாங்க எப்படி மாமா போறது?"

"நான் வெளிய வந்ததும் மொத வேலையா முத்தையா அண்ணன பாக்கத்தான் போனேன். அவுங்க சம்சாரம் கதவ சாத்திருச்சி. சாத்தட்டும். அது புருசன்தானே படுத்துக் கெடந்தாரு. என்னயத்தான் கோர்ட்டு விட்டுருச்சே, அவருக்கு யாரு என்னா சொன்னாங்க?"

அவர் முத்தையாவைப் பார்க்கப் போன விஷயமே எனக்கு அன்றுதான் தெரியும்.

"மறுவாட்டியும் போனேன்" என்றார். "அப்ப தொறந்துச்சி. அவரு என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. நீயான்னு கேக்கல. நீ இல்லன்னும் சொல்லல. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தேன்."

6

போக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. போகாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை வேலையிலிருந்து வரும் வழியில் பஸ்ஸை மாற்றிப் பிடித்தேன்.

சின்னக் கடை. கல்லாவில் அந்த அம்மா. பின்னால் ஹீட்டர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நான் ஒரு கேன் பாலை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"ஐயா எப்படி இருக்கிறார் என்று பார்க்க வந்தேன்" என்றேன் இங்கிலீசில். வரும் வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"பார்க்கிறீர்களே" என்றார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் இல்லையென்றால் வேறு யார்? நீங்கள் சொல்லுங்கள்."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கும் தெரியாது" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர் சொல்வதுபோல இருந்தது. "பன்னிரண்டு பேர். ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்குப் பின்னால் ஒருவர் ரொட்டியோடு காத்து நின்றார். அந்த அம்மா பாலைப் பையில் போட்டு என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டு திரும்பும்போது நாற்காலியில் இருந்தவர் குஜராத்தியில் ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்ததால் அவர் மனைவியே இரண்டாம் தடவை கேட்டுத்தான் புரிந்துகொண்டார். அவர் என்னை யாரென்று தெரிந்து சொன்னாரா, வருகிற எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

அந்த அம்மா கையை நீட்டினார். பையைத் திரும்பக் கொடுத்தேன். இன்னொரு பையை உதறி விரித்து, பாலை அந்தப் பையோடு அதற்குள் இறக்கி, காது இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார்.

"கனம்" என்றார். "வழியில் அறுந்துவிடும்."